இது உடைந்தால் என்ன ஆகும்? புது வண்ணாரப்பேட்டையில் கட்டிய ஒரு காரும் அதன் பரிசோதனையும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இந்தக் காருக்கு ஆர்.சி. கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. ரேஸ் ட்ராக்கில் மட்டும் ஓட்டுவதற்காக, மாருதி ஜிப்சி ஜீப் ஒன்றின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்துப் புது வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் கட்டிய, கூரை இல்லாத இரண்டு சீட்டு கார் இது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் வண்டிகளை ஓட்டவிடுகிற நாளுக்கு முன் நடக்கிற பரிசோதனையில் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள், அடுத்த தடவை பாஸ். திருப்பி அனுப்பச் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இன்ஜினைப் பற்றியது இல்லை, வெல்டிங்கைப் பற்றியதும் இல்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

கட்டியவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். வெல்டிங் எல்லாம் அவருடைய சித்தப்பா, எண்ணூர் லேலண்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் மணலியில் லாரிகளை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, தயார் செய்து அனுப்புகிறவன். "மச்சான், நீங்க இன்ஸ்பெக்டர் மாதிரி நின்னு ஒரு தடவை பாத்துடுங்க, அது போதும்" என்று கூப்பிட்டார், அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். மொத்தச் செலவு எவ்வளவு என்று மாப்பிள்ளை என் தங்கச்சியிடமே இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, ஆகையால் அந்தக் கணக்கு இங்கேயும் வராது.

ஏன் ரோட்டுக்கு இல்லை

"ஜிப்சி இன்ஜின், ஜிப்சி கியர்பாக்ஸ், அப்போ ஜிப்சி ஆர்.சி.யையே இதுக்கும் வெச்சுக்கலாமே" என்று தெருவில் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். முடியாது. ஆர்.சி. சேஸிஸ் நம்பரோடு பிறந்தது, இங்கே அந்தச் சேஸிஸே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறிப்போகும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: மாற்றிய ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த வண்டியில் எத்தனை மாற்றம் என்று எண்ண உட்கார்ந்தால் எண்ணி முடியாது.

சரி, புது வண்டியாகவே பதிந்தால்? படிவம் 20 நாம் நிரப்பலாம். 21 விற்பனைச் சான்று. 22 என்பது வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது, அங்கேதான் நின்றுவிடும். அதைத் தருவதற்கு முன் மாதிரி வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126ஆம் விதிப்படி புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான அமைப்பு ஒன்றில் சோதித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற கம்பெனிக்காகப் போட்டது, ஒரே ஒரு வண்டி கட்டுகிறவனுக்கு அதில் ஜன்னல்கூட இல்லை.

பிரிட்டனில் அந்த ஜன்னல் இருக்கிறது. இந்த மாதிரிக் கார்களின் பூர்வீகமே அங்கேதான். 1957-இல் லோட்டஸ் செவன் வந்தபோது முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டினால் கிடையாது. பூட்டும் குறிப்பு கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால் பிரிக்கும் குறிப்பைக் கொடுத்து, தலைகீழாகப் படித்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் சொல்வார்கள். 1973-இல் வரி முறை மாறி அந்தச் சலுகை போனது, லோட்டஸ் அந்த மாடலின் உரிமையைக் கேட்டர்ஹாமுக்கு விற்றதும் அதே வருஷம்தான். இப்போது அங்கே வீட்டில் கட்டிய வண்டிக்கு ஐ.வி.ஏ. என்று தனி வண்டி ஒப்புதல் சோதனை, 2009-இலிருந்து. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்கிறதா என்பதுவரை அளப்பார்கள். பாஸ் ஆனால் நம்பர். வண்டியின் வயசோ பூர்வீகமோ தெளிவாக இல்லை என்றால் 'க்யூ' எழுத்தில் தொடங்குகிற நம்பர், ஆனாலும் நம்பர்தான்.

நமக்கு அது இல்லை என்று தெரிந்த பிறகும் கட்டியாக வேண்டுமா என்று நானே கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பா சோழவரம் ரேஸ் பார்த்து வளர்ந்தவர். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அந்தப் பந்தயங்கள் நடந்தபோது, கொட்டகையில் கட்டிய வண்டிகளும் அங்கே ஓடியிருக்கின்றன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்தது, சோழவரத்துப் பக்கத்து எஞ்சின் சத்தம் நின்றுபோனது. "எங்கப்பா பாத்தாரு, நான் ஓட்டணும், அவ்ளோதான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒரு காகித வேலை மட்டும் முதலிலேயே முடிக்க வைத்தேன். ஜிப்சியை அறுப்பதற்கு முன் 55ஆம் பிரிவில் பதிவு ரத்து. வண்டி இனி ஓடாது என்றால் பதினான்கு நாளுக்குள், அல்லது முடிந்த சீக்கிரத்தில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி ஒப்படைத்தாகிவிட்டது. இதைச் செய்யாமல் அறுத்துப் போட்டால் இல்லாத வண்டி உங்கள் பெயரில் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும், நாளைக்கு அந்த நம்பரை எவனாவது எதிலாவது மாட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கட்டுமானம்

ஜிப்சியை எடுத்தது யோசித்துத்தான். 1,298 சிசி, 80 குதிரைத்திறன், இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின் சக்கரத்துக்கு ஓட்டம் போகும். இன்னொரு வசதியும் உண்டு: ஜிப்சியில் முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாகப் பின்னால் உட்கார்ந்து நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் வைத்திருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின் ஆக்ஸிலுக்கு ஒரே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போட்டுவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஹை கியரிலேயே வேகத்தைக் குறைத்துத்தான் தரும், அது போனதும் ஒவ்வொரு கியரும் நீளமாகிறது, அதாவது இன்ஜினின் அதே சுற்றுக்கு வண்டி அதிக வேகம் போகும். எடை குறைந்த வண்டிக்கு அது சரிதான்.

முன்பக்கம் ஜிப்சி உதவாது, அங்கேயும் முழு ஆக்ஸில். ஆம்னியின் நக்கிளும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கித் திரும்புகிற துண்டு) ஸ்டியரிங் ரேக்கும் (சக்கரங்களை இடம் வலம் தள்ளுகிற தண்டு) எடுத்தார்கள். மாருதி 800 நக்கிள் மலிவாகக் கிடைக்குமே என்று ஒருவர் சொன்னதை நான் தடுத்தேன். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் ட்ரைவ் ஷாஃப்டின் நட்டுதான் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும், ஷாஃப்ட் வேண்டாம் என்று உருவிவிட்டால் ஹப்பைப் பிடிக்க ஒன்றுமே இருக்காது. ஷாஃப்டின் முனைத் துண்டை மட்டும் வெட்டி உள்ளேயே விட்டு நட்டு போட வேண்டும். ஆம்னியில் அந்த வம்பே இல்லை. ஆனால் முன்னால் 12 இஞ்ச், நாலு போல்ட். பின்னால் 15 இஞ்ச், ஐந்து போல்ட். பக்கவாட்டில் பார்த்தால் டிராக்டர் சாயல் அடிக்கிறது, அதை மாப்பிள்ளையிடம் சொன்னால் கோபம் வருகிறது.

ரேக்கை எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. ரேக்கின் உள் மூட்டு, விஷ்போன்கள் (சக்கரத்தை ஃபிரேமோடு சேர்க்கிற மேல், கீழ் கைகள்) ஃபிரேமில் திரும்புகிற மூட்டுகளைச் சேர்த்துப் போடுகிற கோட்டில் வரவில்லை என்றால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதே ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு உயரத்திலும் சக்கரத்தின் நேர் மாறுகிறதா என்று நூல் கட்டிப் பார்த்து, ப்ராக்கெட்டை வெட்டி வெட்டி மாற்றினார்கள்.

ஃபிரேம் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் தடிமன், மண்ணடி இரும்புக் கடையில் வாங்கியது. இங்கே நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. காசிமேட்டுக் காற்று படுகிற இடத்தில் எண்ணெய் துடைத்த இரும்பை ராத்திரி வெளியே விட்டால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆகவே அன்றைக்கு எவ்வளவு வெல்ட் செய்ய முடியுமோ அவ்வளவு குழாய்க்குத்தான் துடைப்பு, மூட்டு ஆறியதும் ரெட் ஆக்சைடு. அதைவிட மோசம், மதியம் கடல் காற்று எழும்பியதும் மிக் வெல்டிங்கின் கேஸைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கேஸ் போனால் உருகின இரும்பு நேராகக் காற்றோடு சேரும், ஆறினதும் மூட்டு முழுக்க ஊசித் துளைகள். சித்தப்பாவுக்கு அதைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், சத்தம் 'சர்'ரென்று சீராக வராமல் பொரிந்தாலே டார்ச்சை எடுத்துவிடுவார். கிரைண்டரில் அந்த இடத்தை முழுக்க எடுத்துவிட்டு அப்புறம்தான் மறுபடி. பிறகு தார்ப்பாய் கட்டினார்கள், கடைசியில் காலை வேளையில் மட்டும் வெல்டிங் என்று முடிவானது, அக்கம்பக்கத்துக்கும் அதுதான் நிம்மதி.

ரோல் ஹூப்புக்கு, அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற வளைவுக் குழாய்க்கு, ஜி.ஐ. பைப் போதாதா என்று ஒரு பேச்சு வந்தது. சித்தப்பா வாயைத் திறக்காமல் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் பின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 தடிமன், அல்லது 50-க்கு 2. தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். ஃபிரேமில் அது உட்காருகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, 120 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அப்படியே செய்தார்கள். வெட்டிய மிச்சத் துண்டையும் பில்லையும் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொன்னேன், பின்னால் உதவியது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

எஃப்.சி. பார்க்கிறபோது ஒரு வண்டிக்குக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கம்பெனி கொடுத்தபடி இருக்கிறதா? கம்பெனி ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கேள்வியே நிற்கிறது. வீட்டில் கட்டிய வண்டியில் அது செல்லாது, யோசித்தவர் யாரும் இல்லை. அதனால் கேள்வியை மாற்றினேன். பம்பரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொருளிலும் கை வைத்து, "மாப்ள, இது உடைஞ்சா இன்னா ஆவும்?" 'உடையாது' என்ற பதிலை ஏற்பதில்லை.

ஆக்சிலேட்டர் கேபிள் நடுவில் அறுந்தால் த்ராட்டில் தானாக மூட வேண்டும். ஒரு ஸ்ப்ரிங் இருந்தது. அந்த ஸ்ப்ரிங் உடைந்தால்? இரண்டாவது ஸ்ப்ரிங், வேறு கொக்கியில். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் மூட்டான க்ராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும், இல்லை ட்ரைவரின் தொடைப் பக்கம் சுழலும். ஷாஃப்ட் போகிற டனலுக்குள் ஒரு இரும்பு வளையம் போட்டாயிற்று. அதே டனலில் பெட்ரோல் லைன் ஷாஃப்டுக்கு ஒரு விரல் தூரத்தில் போயிருந்தது, அதைப் பார்த்ததும் நான் வேறெதுவும் பேசவில்லை, லைன் அன்றைக்கே இடம் மாறியது.

பெடல் பாக்ஸ்தான் பெரிய கண்டுபிடிப்பு. பிரேக் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளை சத்தியம் பண்ணினார். சித்தப்பாவை உட்கார வைத்து முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் முன்னால் குனிந்து, இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிற ஃபயர்வால் தகட்டைப் பார்த்தேன். மாஸ்டர் சிலிண்டர் கண்ணுக்குத் தெரிந்தே முன்னால் போய் வருகிறது. தகடு வளைகிறது. பெடல் போகிற தூரத்தில் ஒரு பங்கு பிரேக்குக்குப் போகாமல் தகட்டை வளைக்கப் போகிறது, பல தடவை வளைந்த தகடு ஒருநாள் கிழியும். பின்பக்கத்திலிருந்து ஃபிரேமுக்கு இரண்டு தாங்கு குழாய் வைத்த பிறகு அசையவில்லை.

அப்புறம் பின் ட்ரம். அந்த ட்ரம் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான ஜிப்சிக்காகச் செய்தது, இந்த வண்டி அதில் கிட்டத்தட்ட பாதிதான். மணலியில் தெரிந்தவர் ஒருவருடைய காலி கன்டெய்னர் யார்டில், கேட்டைப் பூட்டிக்கொண்டு, ஓட்டிப் பார்த்தோம். பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் முதலில் லாக், வால் வீசுகிறது. முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி நேராகத் தேயும், பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் சுற்றும். பின் லைனில் அழுத்தம் குறைக்கிற வால்வு போட்டு, சிமெண்ட் தரையில் நாலு கறுப்புக் கோடுகளும் எந்த வரிசையில் விழுகின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருகினோம்.

நட்டு போல்ட் எல்லாம் டார்க் வைத்து இறுக்கியதும் பெயிண்டால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் லூஸ். லாரியில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம், இதற்கு மூளை வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை

நம்பர் இல்லாத வண்டி, ரோட்டில் சக்கரம் படக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். போர்ட்டிகோ கேட்டைக் கழற்றித்தான் வெளியே எடுக்க முடிந்தது என்பதை எல்லோரும் எதிர்பார்த்திருப்பீர்கள்.

அது போட்டி இல்லை, வெறும் ஓட்டம்தான், நடத்துகிறவர்களிடம் வரைபடமும் போட்டோவும் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கியிருந்தது. ஆனாலும் ஆய்வாளர் பேசியதெல்லாம் எஃப்.ஐ.ஏ. அளவுகளில். ஹூப்பைப் பார்த்தார், கவரில் இருந்த துண்டை வெர்னியரில் அளந்தார், தலையாட்டினார். வெல்டிங்கை விரலால் தடவி "யாரு பண்ணது?" என்றார், சித்தப்பா பதில் சொல்லாமல் நிமிர்ந்து நின்றார். இன்ஜினிலிருந்து வெளியேறுகிற எண்ணெயைப் பிடிக்கிற ஆயில் கேட்ச் டேங்க் 2 லிட்டர், 2,000 சிசி வரைக்கும் அது போதும். இரட்டை சர்க்யூட் பிரேக், சரி. இழுக்கிற கொக்கி முன்னும் பின்னும், சிவப்பு பெயிண்ட், சரி.

"இன்ஜின் போடுங்க. கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க. இப்போ கில் ஸ்விட்ச்."

அவசரத்தில் கரன்ட்டைத் துண்டித்து இன்ஜினை நிறுத்துவதற்கான அந்த ஸ்விட்சின் சிவப்புச் சாவியை மாப்பிள்ளை திருப்பினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி திருப்பினார். ஓடுகிறது. ஆய்வாளர் சிரித்துக்கொண்டே பேடில் எழுதினார்.

அந்த ஸ்விட்ச் பேட்டரியை மட்டும்தான் துண்டித்தது. இன்ஜின் ஓடும்போது கரன்ட் தருவது ஆல்டர்னேட்டர், அதன் வயர் ஸ்விட்சுக்கு இந்தப் பக்கம் சேர்ந்திருப்பதால் பேட்டரி போனாலும் இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரன்ட் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் இன்ஜின் நின்ற நிலையில் ஸ்விட்சைத் திருப்பி, லைட் அணைகிறது, சரி என்று விட்டிருந்தார்கள். கவிழ்ந்த வண்டியில் ஓடுகிற இன்ஜினை நிறுத்த முடியாது என்றால் அது ஸ்விட்ச் இல்லை, அலங்காரம். இதற்கென்றே ஆறு முனை ஸ்விட்ச் வருகிறது: ஒரு ஜோடி பேட்டரிக்கு, ஒரு ஜோடி இக்னிஷன் லைனுக்கு, இன்னொரு ஜோடி ஒரு ரெஸிஸ்டர் வழியாக ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்க, அது இல்லாவிட்டால் பேட்டரியைப் பிடுங்குகிற அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் ஜிப்சி இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மைப் பொசுக்கிவிடும். வெளியே நிற்கிறவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியும் வேண்டும். இங்கே உள்ளே டாஷ்போர்டில் இருந்தது.

அடுத்தது தோள் பெல்ட். சீட்டுக்குப் பின்னால் தரையில் கட்டியிருந்தார்கள், அங்கே ஃபிரேம் வலுவாக இருக்கிறது என்பதற்காக. வலு சரி, கோணம் தப்பு. தோளிலிருந்து பின்னால் போகிற பட்டை கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. செங்குத்தாகக் கீழே இழுத்தால் மோதலில் பெல்ட் ஆளைப் பின்னால் பிடிக்காது, தோளை இடுப்போடு அமுக்கும், முதுகெலும்பு தாங்காது. ஆய்வாளர் விதி நம்பரெல்லாம் சொல்லவில்லை. மாப்பிள்ளையை உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி, பின்னாலிருந்து பட்டையைப் பிடித்துக் கீழே ஒரு இழு இழுத்தார். "புரியுதா தம்பி?" புரிந்தது.

மூன்றாவது, அதே பெல்ட்டின் லேபிள். திருப்பிப் பார்த்தார், காலாவதி. யாரோ ராலி ஓட்டினவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. நாலாவது, தீயணைப்பான்: 2 கிலோ பவுடர், தேதி சரி, ஆனால் பிளாஸ்டிக் கிளிப்பில். மோதலில் அது பறந்து வந்து தலையில் அடிக்கும்.

பாருங்கள், நாலுமே ஒரே ரகம். வண்டி ஒழுங்காக ஓடும்வரை இவற்றில் எதுவும் தேவைப்படாது. நான் வீட்டில் கேட்டது 'இந்தப் பொருள் உடைந்தால்', அவர் கேட்டது 'வண்டியே உடைந்தால், உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன, வெளியே ஓடி வருகிற ஆளுக்கு என்ன'. லாரி எஃப்.சி.யில் இருபது வருஷம் இருந்தாலும் அந்த இரண்டாவது கேள்வி எங்கள் பழக்கத்தில் இல்லை.

திருத்தம் பெரிய வேலை இல்லை. ஹூப்பில் தோள் உயரத்துக்குக் குறுக்குக் குழாய், அதில் புது பெல்ட். ஸ்விட்ச் வெளியே வந்தது, வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து அணைத்துப் பார்த்ததில் எதிர்வீட்டு ஆயாவுக்கே அதன் முறை தெரிந்துவிட்டது. தீயணைப்பானுக்கு இரும்புப் பட்டை. அடுத்த தடவை அதே ஆய்வாளர், நேராக ஸ்விட்சுக்குத்தான் வந்தார், இன்ஜின் உடனே நின்றது, ஸ்டிக்கர் ஒட்டினார்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: மூன்றாவது கியரில் வண்டி சந்தோஷமாக இருக்கிறது, ஐந்தாவது அந்த ட்ராக்கில் தேவையே படவில்லை. சில சுற்றுக்குப் பிறகு டெம்பரேச்சர் ஏறுகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று பக்கவாட்டில் தப்புகிறது என்று நினைக்கிறேன், தகடு வைத்து அடைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

இதைப் பார்த்து நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால், பெல்ட்டைக் கடைசியாக வாங்குங்கள். ஆயுள் ஐந்து வருஷம், அதையும் வாங்கின நாளிலிருந்து எண்ணுவதில்லை, தயாரித்த வருஷத்தை வைத்துத்தான். வீட்டில் கார் கட்டுகிற வேகத்துக்கு, ஃபிரேமுக்கு பெயிண்ட் அடிக்கும்போதே பாதி ஆயுள் போயிருக்கும். தீயணைப்பானும் அப்படியே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செக் பண்ணின தேதி அதன்மேல் இருக்க வேண்டும்.